தனியாக உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் ஜெபம் தீர்ந்துபோகிறது

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், ஊரில் இருந்தவரை சாயங்காலக் குடும்ப ஜெபம் தவறியதில்லை, வாலிபர் கூட்டத்தில் யாராவது 'தம்பி, ஒரு ஜெபம் பண்ணுங்க' என்றால் தடுமாறாமல் ஐந்து நிமிடம் ஜெபிப்பீர்கள். ஆனால் வேலைக்காகச் சென்னை வந்து இரண்டு பேரோடு ஒரே அறையில் தங்க ஆரம்பித்ததிலிருந்து தனி ஜெபம் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. வருஷக் கடைசி ராத்திரி வாட்ச்நைட் ஆராதனையில் எடுக்கிற தீர்மானம் பொங்கலைத் தாண்டுவதில்லை. வேலையோ ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. அதனால் காலை நான்கு மணிக்கு எழுந்தே ஆக வேண்டுமா, ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டுமா, 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்கிறார்களே அது நிஜமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி நடுவில் ஒரு வரியாக ஒளிந்திருக்கிறது: "தனியாக உட்கார்ந்தால் மூன்று நிமிடத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படியென்றால் கூட்டத்தில் நான் ஜெபித்ததெல்லாம் நடிப்பா?" இதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அலாரம் வைக்கிற சமாச்சாரம்.

நடிப்பு இல்லை. பல வருஷம் கிராமச் சபைகளிலும் பட்டணத்துச் சபைகளிலும் ஆயராக இருந்தவன் நான், இதே கேள்வியை உபதேசியாரின் பிள்ளைகள் முதல் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் வரை என்னிடம் கேட்டிருக்கிறார்கள், சில சமயம் சக ஆயர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் ஜெபிக்கக் கற்றுக்கொண்டது நாலு பேர் காது கேட்கத்தான். ஓய்வுநாள் பள்ளியில் எழுப்பி நிறுத்தி ஜெபிக்கச் சொல்வார்கள், அப்புறம் வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபக் கூட்டம், ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் ஜெபம். அந்த ஜெபத்துக்கு ஒரு நடை உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு, நடுநடுவே மற்றவர்கள் 'ஆமென்' 'ஸ்தோத்திரம்' என்று தாங்கிப் பிடிப்பார்கள். அது ஒரு உண்மையான ஊழியம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அறைக்குள் தனியாக உட்கார்ந்ததும் தாங்குகிற குரல்கள் இல்லை, கேட்கிற காதுகள் இல்லை; அதே நடையில் ஆரம்பித்தால் மூன்று நிமிடத்தில் மூச்சு வாங்கத்தான் செய்யும். உங்களுக்குக் குறைவது பக்தி என்று நான் நினைக்கவில்லை. தனியாக ஜெபிப்பது வேறு ஒரு வித்தை, அதை நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று இயேசு சொல்கிற இடத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பது பார்வையாளர்களைப் பற்றி. வீதிச் சந்தியில் நின்று ஜெபிக்கிறவனுக்குப் பார்வையாளர் உண்டு. அறைக்குள் போனவனுக்குப் பிதா ஒருவர்தான். அதற்கடுத்து உடனே, வீண்வார்த்தைகளை அலப்பாதிருங்கள், நீங்கள் கேட்பதற்கு முன்னே அது பிதாவுக்குத் தெரியும் என்கிறார். அதன்பின் 'இப்படி ஜெபம்பண்ணுங்கள்' என்று கையில் கொடுப்பது, நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு ஜெபம். ஆக, பூட்டிய அறைக்குள் போகிறவனிடம் சொந்தமாக வார்த்தை தேடச் சொல்லவில்லை. வார்த்தையைக் கொடுத்துத்தான் அனுப்புகிறார். முதல் தலைமுறைகள் இதை அப்படியே எடுத்துக்கொண்டன. திதாகே என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், புதிய ஏற்பாட்டுக் காலத்துக்கு மிக நெருக்கமானது, இந்த ஜெபத்தை, அதாவது பரமண்டல ஜெபத்தை, ஒரு நாளைக்கு மூன்று முறை சொல்லுங்கள் என்கிறது. ஒரு மணி நேரம் என்றெல்லாம் அங்கே பேச்சு இல்லை.

அதனால் நான் சொல்கிற முதல் காரியம், சிலருக்குப் பிடிக்காது: சொந்த வார்த்தையில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு சங்கீதத்தை உதடு அசையும் அளவுக்கு மெல்லிய சத்தத்தில் வாசித்து ஆரம்பியுங்கள். 'மனப்பாட ஜெபம் உயிரில்லாதது, ஆவியில் ஜெபிக்க வேண்டும்' என்று வளர்ந்தவர்களுக்கு இது பின்னோக்கிப் போவதுபோலத் தெரியும். தெரியட்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை மாலை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள், நம் சி.எஸ்.ஐ. வழிபாட்டுக்கு அது ஒரு மூதாதை. உங்களுக்கு அத்தனை வேண்டாம். காலைக்கு ஒன்று, படுக்கும்முன் ஒன்று, அதுவும் சின்னதாக. 3, 4, 5, 13, 23, 63, 121, 130 என்று ஒரு எட்டு சங்கீதத்தையே சுற்றிச் சுற்றி வாசித்தால் போதும். ஏதாவது ஒரு வசனத்தில் மனம் நின்றால் அங்கேயே நின்றுவிடுங்கள், முடிக்க வேண்டும் என்று ஓடாதீர்கள். 13-ஆம் சங்கீதம் 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று ஆரம்பிக்கிறது; ஜெபக் கூட்டத்தில் இப்படி ஒருவர் ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். சங்கீதப் புத்தகம் அதை வேதத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. 88-ஆம் சங்கீதம் அதைவிட மோசம், கடைசிவரை வெளிச்சமே வராமல் இருட்டில் முடிகிறது. நமக்குச் சொல்லத் தெரியாததை, சொல்லத் தைரியம் இல்லாததை, அந்த வார்த்தைகள் சொல்லிவிடுகின்றன.

புத்தகத்தைப் பார்த்து ஜெபிப்பது தாழ்ந்த படி என்று யாராவது சொன்னால், 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த அவிலா தெரேசாளை நினைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவ ஜெப வாழ்க்கையைப் பற்றி அவரைவிட ஆழமாக எழுதியவர்கள் குறைவு. கையில் புத்தகம் இல்லாமல் தன்னால் பதினான்கு வருஷம் தியானிக்கவே முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அது மட்டுமா, சில வருஷங்கள் ஜெப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றே காதைத் தீட்டிக்கொண்டிருந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். நீங்கள் மூன்றாவது நிமிடத்தில் மொபைலில் மணி பார்க்கிறதை எழுதி வருத்தப்பட்டிருந்தீர்களே, நல்ல துணைதான் இருக்கிறது.

சங்கீதத்துக்குப் பிறகு என்ன செய்வது? இங்கே எனக்குத் தெரிந்ததில் மிகப் பயனுள்ளது, திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1535-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் தனக்கு முடி வெட்டுகிற பீட்டர் பெஸ்கெண்டார்ஃப் என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு எழுதிய சின்னப் புத்தகம். முதலில் தன் நிலையைச் சொல்கிறார்: மற்ற வேலைகளாலும் யோசனைகளாலும் ஜெபத்தில் மனம் குளிர்ந்து போய்விட்டதாகத் தெரிந்தால், சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவேன், அல்லது ஜனங்கள் கூடியிருக்கிற கோயிலுக்குப் போவேன், பத்துக் கட்டளையையும் விசுவாசப் பிரமாணத்தையும் ஒரு சிறு பிள்ளை சொல்வதுபோல எனக்குள் சொல்லிக்கொள்வேன் என்கிறார். அப்புறம், 'கொஞ்சம் பொறு, இதை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம்' என்ற எண்ணத்தை நம்பாதே, அது ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இழுத்துக்கொண்டே போகும், அன்றைக்கு ஜெபம் நடக்காது என்று எச்சரிக்கிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின மனுஷனுக்கும் இதே வியாதிதான். சவரக் கத்தி பிடிக்கிறவன் கண்ணையும் மனதையும் கத்தியிலேயே வைக்காமல் வாயாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும், ஜெபமும் அப்படித்தான் என்று பீட்டரின் தொழிலை வைத்தே விளக்குவதும் அந்தப் புத்தகத்தில்தான்.

லூத்தர் கொடுக்கிற முறை நான்கு இழைகள் கொண்ட ஒரு மாலை. ஒரு கட்டளையையோ ஒரு வாக்கியத்தையோ எடுத்துக்கொண்டு, இது எனக்கு என்ன கற்பிக்கிறது, இதற்காக எதை நன்றி சொல்லலாம், இதில் எங்கே தவறியிருக்கிறேன், இனி எதைக் கேட்கிறேன் என்று நான்கு தடவை அதைத் திருப்பிப் பார்ப்பது. உதாரணத்துக்கு, 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற ஒரு வரி. கற்பிப்பது: கேட்கச் சொல்லியிருப்பது இன்றைக்கு வேண்டியது, அடுத்த வருஷ அப்ரைசல் இல்லை, 'எனக்கு' என்று இல்லாமல் 'எங்களுக்கு' என்றும் இருக்கிறது. நன்றி: நேற்று இரவு ஷிப்ட் முடிந்து வந்தபோது அறை நண்பன் மூடி வைத்திருந்த சாப்பாடு. தவறியது: மெஸ் அக்கா பாக்கியைக் கேட்டபோது எரிந்து விழுந்தது. கேட்பது: ஊரில் அப்பாவின் மருந்துச் செலவு, கூடவே அந்த அக்காவின் வீடு. பாருங்கள், ஒரு வரியில் ஐந்து நிமிடம் போய்விட்டது, ஒரு வார்த்தைகூட மேடைப் பேச்சு இல்லை. நான்கு இழையையும் தினமும் முடிக்க வேண்டும் என்பதும் இல்லை. தான் எழுதியதையெல்லாம் அப்படியே ஒப்பிக்காதே, அது வெறும் அலப்பலாகிவிடும், நடுவில் நல்ல எண்ணங்கள் பெருகி வந்தால் மற்றதை விட்டுவிட்டு அமைதியாக அதைக் கேள் என்று லூத்தரே சொல்லிவிட்டார்.

இப்போது உங்கள் மூன்று கேள்விகள். நேரம்: இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, அது அழகான மாதிரிதான். ஆனால் அவர் இரவு முழுவதும் மலையில் ஜெபித்ததும் உண்டு (லூக்கா 6:12), தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார், சங்கீதக்காரன் அந்தி சந்தி மத்தியானம் என்கிறான். நான்கு மணிக்குத்தான் பரலோகம் திறக்கும் என்று வேதத்தில் எங்கும் இல்லை, இதை உறுதியாகவே சொல்கிறேன். இரவு ஷிப்ட் முடித்து ஆறு மணிக்கு வருகிறவர் நான்கு மணி ஜெபத்துக்கு ஏங்குவதில் அர்த்தமே இல்லை. நீளம்: லூத்தர் தினமும் மூன்று மணி நேரம் ஜெபித்தார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1530-ல் கோபுர்க் கோட்டையில் அவரோடு தங்கியிருந்த வைட் டீட்ரிக் அப்படி எழுதியிருப்பது உண்மை. ஆனால் அது ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தருடைய நண்பர்கள் பேரரசர் முன் விசுவாச அறிக்கையோடு நின்ற மாதங்கள், லூத்தர் அங்கே போக முடியாமல் கோட்டைக்குள் காத்திருந்தார். ஒரு நெருக்கடிக் காலத்தின் கணக்கை வேலைக்குப் போகிற ஒருவனின் சாதாரண செவ்வாய்க்கிழமைக்கு அளவுகோலாக வைப்பது நியாயமில்லை. பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தவர்களைவிட பத்து நிமிடத்தில் ஆரம்பித்தவர்கள்தான் ஒரு வருஷம் கழித்தும் ஜெபித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவம், சட்டம் இல்லை.

21 நாள் கணக்கு சந்தேகத்துக்குரியது. 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகளுக்கு மாறின முகம் பழக குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று எழுதினார், அந்தக் 'குறைந்தது' நாளடைவில் உதிர்ந்துபோய் எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று ஆகிவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் அச்சான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்கு வர சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். அது சாப்பாடு, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி போன்றவற்றைப் பற்றியது, ஜெபத்தை யாரும் அதில் அளக்கவில்லை, அதனால் 66-ஐயும் வேதவாக்காக எடுக்காதீர்கள். ஆனால் அதில் இரண்டு விஷயம் உங்களுக்கு உதவும். அவர்கள் பழக்கத்தைத் தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதுபோல, கட்டிவைத்தார்கள். ஷிப்ட் மாறுகிறவருக்கு இதுதான் வழி: மணியை விட்டுவிட்டு, குளித்து முடித்ததும், அல்லது எழுந்து முதல் டீ குடித்ததும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது பகல் இரண்டு மணியாக இருந்தாலும் சரி. இன்னொன்று, ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுப்போகவில்லை.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் விட்டுப்போன ஜெபத்தைக் கடனாகப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. மூன்று நாள் ஜெபிக்கவில்லை, நாலாவது நாள் அதற்கு மன்னிப்புக் கேட்டே பத்து நிமிடமும் போகிறது. ஐந்தாவது நாள் அந்த வெட்கத்தை நினைத்தாலே உட்காரப் பிடிப்பதில்லை. பொங்கலோடு உங்கள் ஜெபம் நிற்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். விட்டுப்போனால் விட்டுப்போனதுதான். மறுநாள் அன்றைய சங்கீதத்தை எடுங்கள், பழைய பாக்கி என்று ஒன்று இல்லை. 'காலையில் ஜெபிக்காமல் போனேன், அதனால்தான் வண்டி இடித்தது' என்கிற பேச்சையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஜெபம் தாயத்து கிடையாது. லூத்தர் அந்தப் புத்தகத்தை யாருக்கு எழுதினாரோ அந்தப் பீட்டரே அதே 1535-ல் ஈஸ்டர் சமயத்தில் சாப்பாட்டு மேசையில் மருமகனைக் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் உட்படப் பலர் பரிந்து பேசியதால் உயிர் தப்பி ஊரைவிட்டு அனுப்பப்பட்டார். பக்தியான சரித்திரங்களில் இதைச் சொல்லமாட்டார்கள். தன்னிடம் ஜெபிக்கக் கற்றவன் கொலைகாரனாகிவிட்டான் என்றபோதும் லூத்தர் அவனைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்கு அதில் பெரிதாகத் தெரிகிறது.

மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளது, அதைப்பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மானிய ஆயர் டீட்ரிக் பான்ஹோஃபர் 1930-களில் ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் நடத்திய ரகசிய இறையியல் பள்ளியில் மாணவர்கள் தினமும் அரை மணி நேரம் ஒரே வேதப்பகுதியை மௌனமாகத் தியானிக்க வேண்டும், அவர்களும் முணுமுணுத்தவர்கள்தான். அலைகிற மனதோடு மல்லுக்கட்டாமல், அது எந்த மனுஷனிடம், எந்தக் காரியத்திடம் ஓடுகிறதோ அதையே ஜெபத்துக்குள் கொண்டுவந்துவிடு என்பது அவருடைய ஆலோசனை. டீம் லீடர் சொன்னது ஞாபகம் வந்தால் டீம் லீடருக்காக ஜெபியுங்கள். தூக்கம் வந்தால், தூங்குங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், இரவு ஷிப்ட் வாரத்தில் உடம்புக்கு வேண்டியது அதுதான். படுக்கையில் 'சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்' என்ற 4-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் மட்டும் போதும்.

ஜெபிக்கும்போது ஒன்றுமே உணரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எச்சரிக்கையாகப் பேசுகிறேன், ஏனென்றால் ஒருவருடைய உள்ளத்தில் ஆண்டவர் என்ன செய்கிறார் என்று தூரத்திலிருந்து நிதானிக்க எனக்கு வழியில்லை. உணர்வு வந்தால் நன்றி சொல்லுங்கள், வராவிட்டால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். என்ன கேட்பது என்று தெரியாத நமக்காக ஆவியானவர் பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்வதில் நம் உணர்ச்சியைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆனால் வறட்சி ஜெபத்தில் மட்டும் இல்லாமல் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள், வேலை என்று எல்லாவற்றிலும் வாரக்கணக்கில் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், ஒரு டாக்டரைப் பாருங்கள். அதேபோல ஒரு ஜெபத்தைச் சரியாகச் சொல்லவில்லையோ என்ற பயத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியே ஆக வேண்டியிருந்தால், அதுவும் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டியதுதான். ஜெபத்தைக் கூட்டினால் அந்தப் பயமும் பெரும்பாலும் கூடும். நான் டாக்டர் இல்லை, இதற்குமேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்நிய பாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் தனக்கே தெரியாத மொழியில், ஜெபிப்பதைப் பற்றியும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள்; அந்த மரபுக்குள் வாழ்ந்தவன் இல்லை நான், அதற்குள் நிதானமாக நடக்கிற ஒரு மூத்தவரிடம் கேட்பதுதான் சரி.

கடைசியாக இடம். மூன்று பேர் அறையில் கதவைப் பூட்டுவது நடக்காது. மொட்டை மாடி, பக்கத்துத் தெருவில் வாரநாளிலும் திறந்திருக்கிற கோயில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம், எது தினமும் கிடைக்குமோ அது. வேதாகமம் மொபைலில் இல்லாமல் அச்சுப் புத்தகமாக இருந்தால் நல்லது, மொபைலில் சங்கீதத்துக்கு மேலேயே வாட்ஸ்அப் வந்து நிற்கும். ஒரு சின்ன நோட்டில் யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர்கள் பெயரை மட்டும், நாளுக்கு நாலைந்து பேராகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள், எல்லாரையும் தினமும் சொல்ல முயன்றால் அது ஆஜர் எடுக்கிறதுபோல ஆகிவிடும். அறை நண்பர்களிடம் மறைக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 'குளித்துவிட்டு வந்ததும் பத்து நிமிஷம் ஜெபிப்பேன், அந்த நேரம் பாட்டை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க.' பெரும்பாலும் குறைத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவர் மாலை போட்டு விரதம் இருக்கிற காலத்தில் நீங்களும் அதையே அவருக்குச் செய்யுங்கள்.